பிஷப்புக்கு ஏழு கட்டம்

ஸ்கூடாய் டவுனில் ஒரு கடை மாடியில் இருந்தது எங்கள் செஸ் ஆப் கம்பெனி. ஒரு காலை பாஸ் ராஜன் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இனிமே மெஷினே மெஷினோட ஆடிக்கும். அதுக்கு டீ பிரேக் வேணாம், எம்சி லீவு வேணாம்லா. உங்க வேலைய மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம்."

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். பத்து பாகாட் ஊரில் நான் இருந்த துணி ஃபேக்டரி மூடிய பிறகு கிடைத்த வேலை இது. புரோகிராமோடு தினமும் ஆடி, அது எங்கே சொதப்புகிறது என்று சொல்ல வேண்டும். இன்னொரு வேலை தேடும் வயதில்லை. ஆனாலும் பாஸிடம் பேச வாய் வரவில்லை.

புரோகிராம் எழுதும் தேவிதான் பேசினார். "பாஸ், ரெண்டு பக்கமும் ஒரே புரோகிராம். இதுக்குத் தெரியாதது அதுக்கும் தெரியாது. அண்ணன் ஆடட்டும். ஏதாச்சும் பிழை மாட்டுச்சுன்னா அவர வச்சுக்குங்க."

"மாட்டட்டும், பாப்போம்" என்றார் பாஸ்.

மாட்டியது. அதன் பிஷப் துணிந்து என் பக்கம் வந்து நிற்கும். நான் ஓரத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளினால், திரும்ப வழியில்லாமல் சாகும்.

தேவி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். அறுபத்து நாலு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒன்று அல்லது பூஜ்யம். பிட்போர்டு என்பது அவ்வளவுதான். காய் போகக்கூடிய கட்டங்களில் ஒன்று போட்டு, எண்ணி, மார்க் கொடுப்பது மொபிலிட்டி.

"பிஷப்புக்கு ஏழு கட்டம்னு எண்ணுதுண்ணே. அதுல அஞ்சுல உங்க சிப்பாய் அடிக்கும். போனா செத்துச்சு. அதுக்கும் மார்க் போட்டு வச்சிருக்கேன், அலமாக்!" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

சிப்பாய் அடிக்கும் கட்டங்களைக் கழித்துவிட்டு எண்ணும்படி ஒரு வரியை மாற்றினார்.

பாஸ் என் முதுகில் தட்டினார். "பரவால்லையே! இன்னும் தேடுங்க."

அதன் பிறகு நான் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. நான் சிப்பாயைத் தொடும் முன்பே பிஷப் பின்வாங்கிவிடும். அந்த ஒரு வரி எல்லாக் காய்க்கும் பொது என்பதால் ராணியும் அவசரப்பட்டு வெளியே வருவதில்லை. என் ஆட்டத்துக்கு மாட்டக்கூடியது எதுவும் அதனிடம் மிச்சமில்லை.

மாதக் கடைசியில் பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா செஞ்சீங்கண்ணே. அதான்..." கடைசிச் சம்பளக் கவரை அதில் வைத்தார்.

தேவி படிக்கட்டு வரை கூட வந்தார். "நான் அதச் சரி பண்ணாமயே விட்டிருக்கலாம்ண்ணே."

"பிழைன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா விடறது?"

இப்போது கெலாங் பாத்தாவில் காவல் வேலை பார்க்கிறேன்.

இப்படிப் பிழை தேடும் டெஸ்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிழை கிடைத்தால் மறைக்காதீர்கள். ஆனால் சேருகிற அன்றே, பிழையெல்லாம் தீர்ந்த பிறகு எனக்கு என்ன வேலை என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். எனக்குக் கூச்சம். நான் கேட்கவில்லை.