வெள்ளிக்கிழமையில் வெளியே போகாத பணம்

என் கணவர் கட்டிய வீடு எதுவும் இதுவரை ஒழுகியதில்லை. செய்த வேலைக்குக் காசு கேட்பது மட்டும்தான் அவருக்கு வராது. ஓசூரில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் எங்களுடையது. கம்பி விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் மனிதர், பாக்கி கேட்கப் போன இடத்தில் பேரக்குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வருவார். "கேட்டீங்களா?" என்றால், "காபி நல்லா இருந்துச்சு" என்பார். காபி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, பணம் அவ்வளவு தாமதமாக வரும். இது எனக்குப் பழகிப்போன கணக்கு.

ஜூஜுவாடியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவருக்கு வீடு கட்டி முடித்திருந்தோம். கடைசித் தவணை நின்றுகொண்டிருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் நாள் பார்க்கிற மனிதர். செவ்வாயன்று காசு வெளியே போகக் கூடாது. வெள்ளியன்று லட்சுமி கோபித்துக்கொள்வாள். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையும் ஆகாது. மிச்சமிருக்கும் நாட்களில் அவர் ஊரில் இருக்க மாட்டார். ஜிபேயில் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். "போனும் வீட்டுக்குள்ளதானே சார் இருக்குது" என்றார்.

எங்களுக்கோ சனிக்கிழமை ஒன்றுதான் நாள். அன்று சாயங்காலம் ஆட்களுக்கு வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். போன சனிக்கிழமை பாதிதான் கொடுத்திருந்தோம். கெலமங்கலத்திலிருந்து வரும் எங்கள் மேஸ்திரி சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "அக்கா, நான் இருந்துக்குவேன். பசங்க இந்த வாரமும் இப்படின்னா திங்கக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போயிருவானுங்க. கர்நாடகா பார்டர் தாண்டினா கூலியும் ஜாஸ்தி." ஆட்கள் போனால் அடுத்து எடுத்திருக்கும் வேலை நிற்கும். அது நின்றால் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானே கிளம்பினேன். என் கணவரும் வந்தார், காபிக்கு.

கடைக்காரர் வாசல்வரை வந்து அழைத்துப்போனார். காபி வந்தது. அருமையான காபி. எனக்குப் பயமாகிவிட்டது.

"நாளைக்குக் காலையில புது வீட்டுல பால் காய்ச்சறோம்மா. விடியறதுக்குள்ள சாவியைக் குடுத்து அனுப்பிருங்க. பணத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்களே" என்றேன். "எங்க வீட்டுல இருந்தும் எதுவும் வெளிய போகக் கூடாதுங்க. சாவியும்தான்."

என் கணவருக்குப் புரையேறியது.

"அப்ப இன்னிக்கே குடுத்துருங்கம்மா."

"குடுக்கறேங்க. வியாழக்கிழமை, நல்ல நாளு. நீங்களும் குடுத்துருங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "நான் விளக்கு வெக்கணும். குடுக்கறதைச் சீக்கிரம் குடுங்க." பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. முழுத் தொகை இல்லை. ஆனால் நின்ற கூலிக்கும் இந்த வாரக் கூலிக்கும் சரியாக இருந்தது.

திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே என் கணவர் சொன்னார், "முன்னாடியே சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே."

"கேட்டிருப்பீங்க, பேரன் பேரை" என்றேன்.

மறுநாள் காலை பணம் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. வாசலில் பைக் நின்றது. சிமெண்ட் கடைக்காரர். எத்தனையோ லோடுகளைக் கடனாகவே இறக்கிக் கொடுத்தவர். என் கணவர் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இந்தப் பணத்தில் கை வைத்தால் திங்கட்கிழமை ஆட்கள் இருக்க மாட்டார்கள். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்கண்ணா…"

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "தெரியும்மா. நாளைக்கு எனக்கும் லோடுமேன்களுக்குக் கூலி குடுக்கணும். அதான் காலையிலேயே வந்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நின்று பேச முடியாமல் உள்ளே போய், டிகாஷனைக் கொஞ்சம் தூக்கலாகவே விட்டு, நுரை பொங்க ஆற்றிக்கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காபி ரொம்ப நல்லா இருக்குதும்மா."