கண்ணாடி போடாத முகம்

ஊசி முனையளவு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் வெள்ளெழுத்து போய்விடும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் நம்பினோம். பிரான்சிலிருந்து விடுப்பில் வந்த மாமா வாசலில் நின்றபடியே சொன்னது அது.

"லேசர்க்கா. கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"அப்ப உன் மூக்குல ஏன்டா இன்னும் கண்ணாடி தொங்குது?" என்றாள் அம்மா.

"எனக்கு இதுதான் அழகு."

அந்த அழகையும் எங்கள் வாசலில் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் அவர் நாற்காலியைத் தடவிக்கொண்டு உட்கார்வார். காரணம் என் தம்பி. சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் அவனை அழுத்திப் பிடித்து முதுகில் ஊசி போட்டவர் கண்ணாடி அணிந்திருந்தார். இருபது வயதைக் கடந்தும் பேச்சு வராத அவனுக்கு அந்த முகம் மட்டும் மறக்கவில்லை. யார் கண்ணாடியோடு வந்தாலும் கிணற்றடிக்கு ஓடிவிடுவான்.

அவன் அம்மா கையால் மட்டுமே சாப்பிடுவான். மீன் இல்லாமல் சோறு இறங்காது. மீனையும் அம்மாவே அவன் எதிரில் உதிர்த்துப் பிசைய வேண்டும். உள்ளே உதிர்த்துக் கொண்டுவந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். அம்மாவுக்கோ கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடி வாங்கி ஒரே ஒருமுறை போட்டாள். அன்று மாலைவரை அவன் கிணற்றடியைவிட்டு வரவில்லை.

மாமா பிரான்சுக்குத் திரும்பிய மறுமாதம் சாளைமீன் முள் ஒன்று தம்பியின் தொண்டையில் சிக்கியது. சோற்றுருண்டையை விழுங்கச் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. முகம் கறுத்து, இருமி இருமி, ரத்தத்தோடு அதைத் துப்பினான். அம்மா அந்த முள்ளை உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டி விலக்கிப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியலையேடி" என்றாள்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்காவைத் தம்பிக்குக் காவல் வைத்துவிட்டு, அம்மாவைப் புதுச்சேரிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். கண் மருத்துவரிடம் லேசர் வேண்டுமென்றோம். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"லேசர் சர்க்கரை வியாதிக்காரங்களுக்குத்தாம்மா. கண்ணுக்குள்ள கசியுற ரத்தக்குழாயை அடைக்கிறது. உங்களுக்கு நோயே இல்ல, வயசு. கண்ணாடி போடுங்க, தீர்ந்துது."

"கண்ணாடி போட முடியாதுங்க."

"அழகு பார்க்கிற வயசாம்மா இது?" என்று சிரித்தார்.

நான் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து நின்றுவிட்டார். கேட்டிருந்தாலும் மருத்துவர் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் அம்மா ஒவ்வொரு கவளத்தையும் விரல்களால் நசுக்கி, தன் நாவில் வைத்துப் பார்த்த பிறகே அவனுக்கு ஊட்டினாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மதியப்பொழுது முழுவதும் போனது. நான் ஆசிரியையாக இருந்த நெரவிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அந்த நேரம் வந்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டிலிருந்தாலும் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. தண்ணீர்ச் செம்போடு அருகில் நிற்பேன்.

சில ஆண்டுகளில் நெஞ்சுவலி வந்து அம்மா இறந்தாள். பல நாள் பட்டினிக்குப் பின் தம்பி என் கையால் கஞ்சி குடித்தான். மீனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தலத்தெருவிலுள்ள அதே வீட்டில் இப்போது அவனும் நானும் இருக்கிறோம்.