குற்றாலத்துக்குப் போன பைண்டு புத்தகம்

சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குப் புத்தகம் கொண்டுபோகலாமா என்று போன வாரம் ஒருவர் இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார். தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதக் கடைசியில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் தங்கை சொர்ணத்தைத் தென்காசியில் கட்டிக் கொடுத்திருந்தோம். சரியான புத்தகப் பைத்தியம். கல்யாணத்துக்கு முன்பு, வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும் தொடர்கதையை யார் முதலில் படிப்பது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும். கதாநாயகி கோபித்துக்கொண்டு படகில் ஏறுகிற இடத்தில் 'தொடரும்' போட்டார்கள். அந்த வாரமே இவளுக்குக் கல்யாணம். புகுந்த வீட்டில் பத்திரிகை வாங்கும் வழக்கம் கிடையாது. கதையோ அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஓடியது.

அப்போதெல்லாம் பல வீடுகளில் செய்வதுபோல நானும் வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்தேன். திருவல்லிக்கேணியில் கொடுத்து, காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்து வாங்கினேன். நடுநடுவே கூந்தல் தைல விளம்பரமும் பாதி வெட்டுப்பட்ட துணுக்கும் இருக்கும். இருந்தால் என்ன, அவளுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. ஒரே ஒரு கவலைதான் எனக்கு. முடிவை எவனும் அவளிடம் உளறிவிடக் கூடாது, அவளே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழும்பூரில் சாயங்காலம் கொல்லம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் தென்காசி. புத்தகத்தை மடியில் வைத்திருந்தது என் தப்பு. எதிரே இருந்தவர் எட்டிப் பார்த்து, "அட, இந்தக் கதையா? கடைசியில அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். "தெரியும் சார், தெரியும்" என்று அடக்கினேன். இப்படி ஊருக்கே தெரிந்த முடிவை அவள் காதில் விழாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தபடியே புத்தகத்தைப் பைக்குள் திணித்தேன்.

சொர்ணம் புத்தகத்தை வாங்கித் தடவினாள். விரித்துப் பசை வாசனையை மோந்து பார்த்தாள். "அண்ணே, வாராவாரம் நீயே கிழிச்சுச் சேத்தியா?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதை அனுபவிக்க விட்டார்களா? எண்ணெய்ப் பாத்திரத்தோடு அவள் மாமியார் வந்து நின்றுவிட்டார். "சாரல் போட்டுட்டுல்லா, இன்னும் என்னத்துக்கு வீட்டுக்குள்ள இருக்கிய? கிளம்புங்க."

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். குதிரை வண்டி ஒன்றரை ரூபாய். மாமியாரும் சொர்ணமும் நானும் ஏறிக்கொண்டோம். வண்டிக்காரர் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு, பின்னால் திரும்பிச் சொர்ணத்தின் மடியைப் பார்த்தார். "இது படகுல போற பிள்ளை கதைல்லா? எங்க வீட்டுல வாசிச்சுச் சொன்னா. கடைசியில அவ..."

"அண்ணாச்சி, ரோட்டைப் பாருங்க!" என்று நான் போட்ட கூச்சலில் குதிரை மிரண்டதுதான் மிச்சம். சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பேரருவியில் கால் வைக்க இடமில்லை. சரி என்று ஐந்தருவிக்குப் போனோம். அங்கேயும் கூட்டம், வழுக்கல், ஈரம். நனையாத மனிதன் ஒருவன் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லாத கை ஒன்றில்லை. அந்தக் கையோடு மாமியார் புத்தகத்தை வாங்கிப் புரட்டியதில் முதல் பக்கத்திலேயே பெருவிரல் பதிந்தது. ஒன்றரை வருடம் பொத்திப் பொத்திச் சேர்த்த தாள்! பல்லைக் கடித்துக்கொண்டு, சொர்ணத்தை ஒரு பழக்கடைக் கூரையடியில் புத்தகத்தோடு உட்கார வைத்துவிட்டு, நான் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன்.

எண்ணெய் தேய்ப்பவர் என் கழுத்தைப் பிடித்து அமுக்கியபடி கடைப் பக்கம் பார்த்தார். "அந்தம்மா என்ன வாசிக்காவ? அந்தப் படகுக் கதையா?" எழுந்திருக்க முயன்றேன். தலை அவர் பிடியில் இருந்தது. அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று, முடிவை முழுசாக, அடிவயிற்றிலிருந்து கத்திச் சொல்லிவிட்டார்.

எண்ணெய் வழிய ஓடினேன். சொர்ணம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. கதை முடிஞ்ச வாரமே அத்தை கோயில்ல கேட்டுட்டு வந்து சொல்லிட்டாங்க."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ குதிரையே மிரளுற மாதிரி கத்தி வண்டிக்காரர் வாயை அடைக்க. எப்படிச் சொல்ல?" என்றவள் சிரிப்பை நிறுத்தினாள். "முடிவத்தான் எல்லாரும் சொல்லுதாங்கண்ணே. அவ படகுல ஏறினதுக்கப்புறம் என்ன பாடுபட்டா, யாரை நினைச்சு அழுதா, அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே. தள்ளி நில்லு, தாள்ல எண்ணெய் சொட்டுது."

தள்ளி நின்றேன். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் படகில் ஏறிவிட்டிருந்தாள். சாயங்காலம் வண்டி கட்டும்வரை அவளை யாராலும் எழுப்ப முடியவில்லை. அருவியில் நான் மட்டும் குளித்தேன்.

எனவே, புத்தகத்தோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கெட்டியான மெழுகுத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். குளித்துவிட்டுத் தொடாதீர்கள், எண்ணெய் தேய்த்துவிட்டுத் தொடவே தொடாதீர்கள். முடிவைச் சொல்ல வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், தொண்டைதான் வலிக்கும். யாருக்காகக் கொண்டுபோனீர்களோ அவர் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.