வாடிப்பட்டியில் ஒரு பெஞ்சு

திண்டுக்கல் பஸ் வாடிப்பட்டியில் டீக்கு நிற்கிறது. கடை பெஞ்சில் கருப்பன் இருக்கிறார். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் பண்ணையடிமையாகக் கிடந்த குடும்பம் அவருடையது; என்னைவிட மூத்தவர். என்னைக் கண்டதும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுகிறார். நான் யோசிக்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

டீ ஆற்றும் அவர் மகள், என்னிடம் படித்தவள், வெடிக்கிறாள்: "அடிமைமுறை எப்பவோ ஒழிஞ்சுபோச்சுன்னு நீங்கதான சார் பாடம் எடுத்தீக? எங்கப்பா இன்னும் எம்புட்டு நாளைக்கு எந்திரிக்கணும்?"

எடுத்தேன். ஒழிந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அன்றும் கருப்பன் எங்கள் மாட்டுத் தொழுவத்தில்தான் படுத்திருந்தார். சீ, என்ன படிப்பு!

எழுந்து, "உக்காருங்கண்ணே" என்கிறேன். அவரை அண்ணே என்று அழைப்பது இதுதான் முதல் தடவை.

"இருக்கட்டுங்க, சின்னய்யா."

பஸ் கிளம்பும்வரை இருவரும் நிற்கிறோம். பெஞ்சு காலியாகக் கிடக்கிறது.