பல்லு கூட்டி வந்தவள்

பல் கட்டுவதுதான் அவருக்குத் தொழில். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் பதித்து, சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக ஒரே பட்டறை, ஒரே முக்காலி. ஐம்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்காவோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அக்கா அவரிடம் பேசுவதை விட ரேடியோவிடம் பேசுவது அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் அவருக்குக் கால் தரையில் பாவாது. விடிவதற்கு முன்பே தன் கறுப்பு நாய் மசியைப் பிடித்துக்கொண்டு ஊர் எல்லையில் உள்ள பாலத்துக்குப் போய் நின்றுவிடுவார். மாட்டு டாக்டர் தன் பெரிய நாய் மேஜரோடு வருவார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா, கிளட்ச், பிரேக் என்று பெயர் வைத்த இரண்டு நாய்களோடு வருவாள். அவள் வீட்டுக்காரர் பின்னாலேயே வருவார். மனைவி சொன்னதற்கும் சிரிப்பார், டாக்டர் சொன்னதற்கும் சிரிப்பார், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் தயாராக இருப்பார். வயல் வரப்பு, வாய்க்கால் கரை, சின்னக் குன்று என்று ஆறேழு கிலோமீட்டர் நடந்து, குன்றின் மேல் இருக்கும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூன்று மடக்கு நாற்காலிகள் உண்டு. அவற்றையும் சாப்பாட்டுக் கூடையையும் சுமப்பது அவர். கடைசியில் தரையில் உட்காருவதும் அவர்.

அவருக்குப் பல்லு என்று பெயர் வைத்தது டாக்டர்தான். "பல்லு, ராத்திரி தனியா படுத்துக்கும்போது பல் செட்டு எல்லாம் உன்கூடப் பேசுமா?" என்று ஒருநாள் கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒன்பது வருஷமாக அப்படித்தான். சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு தாடை வலிக்கும்.

பட்டறையில் மாவு ஊற்றும் வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். கை சுத்தம், ஒரு அச்சில் கூடக் காற்றுக்குமிழி விடமாட்டாள். ஆனால் நாக்குத் திக்கும். அவசரமாகப் பேச வேண்டி வந்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். அதனால் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பல்லு மட்டும் பொறுமையாகக் காத்திருந்து கேட்பார். இரண்டு மாதத்தில் அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவரை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு மதியம், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள். "அ... அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் சாகலை. எ... என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. செத்துட்டாருன்னு சொன்னாதான் வீடு குடுக்கறாங்க. ஓடிப்போயிட்டாருன்னா, எ... என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு பாக்கறாங்க."

"என்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லும்மா" என்றார் பல்லு.

அவளிடமும் ஒரு நாய் இருந்தது. வெள்ளையாக, முயல் அளவுக்கு. பெயர் சில்லறை. பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்தில் கிடைத்த குட்டியாம். அந்த நாயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் மலர்ந்துவிடும். "ஞாயித்துக்கிழமை எங்ககூட நடக்க வாயேன். நல்ல மனுஷங்க" என்று பல்லு கூப்பிட்டார். நல்ல மனுஷங்க என்று சொல்லும்போது அவருக்கே லேசாக ஒரு உறுத்தல் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டார்.

முதல் வாரம் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். டாக்டர் சில்லறையின் காதைத் தூக்கிப் பார்த்து இலவசமாக மருந்து எழுதித் தந்தார். டிரைவிங் அம்மா தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "இதுல உக்காருங்க" என்றாள். வீட்டுக்காரர் தன் நாற்காலியைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பல்லு வழக்கம்போலக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தார்.

இரண்டாவது வாரம் பாலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அவள் "வ... வ... வணக்கம்" என்றதும் டாக்டர், "வண்டி ஸ்டார்ட் ஆகலைபோல. தள்ளணுமா?" என்றார். டிரைவிங் அம்மா, "முதல் கியர்லயே நிக்குது" என்றாள். வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சங்கடமாகச் சிரித்தாள். பல்லுவைப் பார்த்தாள்.

பல்லுவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் தாடை வலிக்கவில்லை. பாதி தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது: இன்றைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடை கூட லேசாக இருந்தது.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைக் கல் பலகை போட்டிருந்தது. மற்ற நாய்கள் ஓடிவிட்டன. சில்லறை பயந்து கரையிலேயே படுத்துக்கொண்டது. அவள் தூக்கக் குனிவதற்குள் டாக்டர் அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"நாய்க்கு நீச்சல் சொல்லித்தரணுமா என்ன? பிறவியிலேயே வரும்."

"வே... வே... வே..."

"என்ன, வேகமாப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு, வாய்க்கால் நடுவில் வீசினார்.

தண்ணீர் ஆழமில்லை, ஆனால் இழுப்பு இருந்தது. வெள்ளைத் தலை இரண்டு முறை முங்கி எழுந்தது. அவள் செருப்போடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தடுமாறிப் போய், மதகுக் கம்பியில் மாட்டியிருந்த நாயைப் பிடித்து எடுத்தாள். கரையேறி, தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளும் நாயும் நடுங்கினார்கள். "பாத்தீங்களா, குளிப்பாட்டற வேலை மிச்சம்" என்றார் டாக்டர். மசி மட்டும் பலகையில் திரும்பி வந்து, அந்த ஈரப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. பல்லு மசியின் சங்கிலியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மரத்தடியில் கூடையைத் திறந்தார்கள். ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. ஈரத் துணியோடு அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தனியாகத் திரும்பிப் போயிருக்கலாம். பல்லு கூட்டி வந்த இடம், பாதியில் எழுந்து போனால் அவருக்கு அவமானம் என்று நினைத்தாளோ என்னவோ.

டிரைவிங் அம்மா முட்டையை உரித்துக்கொண்டே பல்லுவைப் பார்த்தாள். "என்ன பல்லு, இன்னிக்கு ரொம்ப அமைதி? ஒருவேளை இவங்க மேல ஒரு கண்ணோ?"

"அடடே!" என்றார் டாக்டர். "அதான் கூட்டிட்டு வந்தானா! பாவம், அவங்களும் தனி, இவனும் தனி. ஒருத்தருக்குப் பல்லு, ஒருத்தருக்குச் சொல்லு. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. மூன்று பேரும் பல்லுவையே பார்த்தார்கள். ஒன்பது வருஷத்துப் பார்வை. பல்லுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வாரம்தான் நிம்மதியாக இருந்தார், அதற்குள் மறுபடியும் அவரை வறுத்தெடுக்க வந்துவிட்டார்கள்.

"சேச்சே, அடுத்தவன் பொண்டாட்டி மேல நான் ஏன் கண்ணு வைக்கறேன்?" என்றார். "இவங்க வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் உசிரோட இருக்காரே. இவங்க தங்கச்சியோட குடித்தனம் நடத்தறாரு."

டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பைப் பல்லு இதுவரை சம்பாதித்ததில்லை. "அந்தாளு ஏன் ஓடினான்னு தெரியுது. 'என்னங்க'ன்னு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தங்கச்சி வந்து நின்னிருப்பா!" இதைச் சொன்னது பல்லுதான். தன் வாயிலிருந்து வந்ததென்று அவருக்கே நம்ப முடியவில்லை. சிரிப்பு இரண்டு மடங்கானது.

அவள் அழவில்லை. கையிலிருந்த முட்டையை நிதானமாக உரித்து முடித்தாள். உதிர்ந்த மஞ்சள் கருவைக் கூடத் திரட்டிச் சில்லறைக்கு ஊட்டினாள். எழுந்து, துப்பட்டாவோடு நாயை மார்போடு அணைத்துக்கொண்டு குன்றிறங்கிப் போனாள். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரோஷத்தைப் பாரு" என்றாள் டிரைவிங் அம்மா. டாக்டர் காலியான நாற்காலியைக் காலால் பல்லு பக்கம் தள்ளினார். "உக்காரு சார். ஏன் தரையில?"

பல்லு உட்கார்ந்தார். நாற்காலி ஈரமாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டே இரண்டு முட்டை சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல அச்சுகளைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்து நாலு நாள் தவித்தார். ஐந்தாம் நாள் அவரே போனார்.

"நான் வேணும்னு சொல்லலம்மா. வாய் தவறி வந்துடுச்சு."

அவள் மாவைக் குழைத்துக்கொண்டே, "எ... எதைச் சொல்றீங்க சார்?" என்றாள்.

சார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழக வந்த ஒருத்தி, இவள் குடியிருந்த வீட்டுக்காரியின் மருமகள். ஸ்டியரிங்கைத் திருப்பும் நேரத்தில் கதை கைமாறிவிட்டது. "புருஷன் செத்துட்டான்னு பொய் சொன்னவ, இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாளோ" என்று வீட்டுக்காரி பத்து நாள் கெடு வைத்தாள். பட்டறையிலும் தெரிந்துபோனது. பாலிஷ் போடுகிறவன் அவளைப் பார்த்துத் தங்கச்சி சுகமா என்று கேட்டான். அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் ஊற்றிய அச்சுகளில் முதல் முறையாகக் குமிழிகள் வந்தன. பட்டறை முதலாளி கூப்பிட்டுக் கத்தினார். ஏன் கவனமில்லை என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்ல முயன்றாள். முதல் எழுத்தே வரவில்லை. முதலாளி காத்திருக்கவில்லை. இதெல்லாம் யாரால் என்று அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள், சக்கரத்தைச் சத்தமாக ஓடவிட்டு ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் அவள் போய்விட்டாள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு மரத்தடியில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பல்லு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடுச்சு."

"எந்தப் பொண்ணு?" என்றார் டாக்டர். நடிப்பு இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"அதான், போன மாசம் வந்துச்சே. அதோட நாய்கூட வாய்க்கால்ல தவறி விழுந்துச்சே" என்று டிரைவிங் அம்மா எடுத்துக்கொடுத்தாள்.

"ஆமா, ஆமா. விழுந்துச்சு" என்றார் டாக்டர். "பல்லு, அந்த டீயை இப்படி நகர்த்து."

பல்லு நாற்காலியிலிருந்து எழுந்து டீயை ஊற்றிக் கொடுத்தார். "விழலை, நீங்கதான் தூக்கிப் போட்டீங்க" என்ற வாக்கியம் முழுதாக, ஒரு எழுத்துக் கூடத் திக்காமல், அவர் வாய்க்குள் இருந்தது. ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கினார்.