சிவப்பு மையில் அடிபட்ட பாடம்

நான்காவது வாரமும் என் டீச்சிங் நோட்ஸில் அதே பாடத்தைத் தலைமையாசிரியை சிவப்பு மையால் அடித்திருந்தார். பாடத்தின் பெயர் ‘மதுவும் உடம்பும்’. வாரந்தோறும் அவர் கையெழுத்துப் போட்ட பாடத்தை மட்டுமே வகுப்பில் நடத்தலாம்.

திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் ஹைஸ்கூல். சுதந்திரம் வந்த மறுவருஷம். நான் சயன்ஸ் டீச்சர், புரொபேஷனில் இருந்தேன்.

“இந்த ஸ்கூலை நடத்தற மேனேஜருக்குச் சாலை பஜார்ல சாராயக்கடை இருக்கே, தெரியாதா? உங்க புரொபேஷன் முடியட்டும், அப்புறம் எழுதுங்கோ” என்றார் தலைமையாசிரியை.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவது வாரம் ‘முட்டை வெள்ளைக்கரு பரிசோதனை’ என்று எழுதினேன். கையெழுத்து விழுந்தது.

ஆறாம் பாரம்தான் பள்ளியின் கடைசி வகுப்பு. பீக்கரில் வெள்ளைக்கருவை விட்டு, மது என்ன செய்யும் பாருங்கள் என்று லேப் ஸ்பிரிட்டை ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று உறைந்தது. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண்கள் முட்டை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செல்லம்மாள் மட்டும் எழுந்தாள்.

“டீச்சர், இது லேப் ஸ்பிரிட்டுல்லா? எங்க அப்பா குடிக்கது கடைச் சாராயமாக்கும். அது ஒண்ணும் செய்யாதும்பாரு.”

அவள் கேட்டது நியாயம். யாரும் குடிக்காத ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்தியது என் தப்பு. மறுநாள் காலை, காலி மருந்துக் குப்பியோடு மேனேஜரின் சாராயக்கடைக்கே போனேன். நின்றிருந்த ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“ஆருக்காக்கும் அக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஆறாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு” என்றேன்.

செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்குப் போய்விட்டது. மேனேஜர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான்பாட்டுக்குச் சாராயத்தை ஊற்றினேன். சற்று நேரம் பிடித்தது, ஆனாலும் வெள்ளைக்கரு உறைந்தது. செல்லம்மாள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

“டீச்சரே, இது எங்கே உள்ளது?” என்றார் மேனேஜர்.

“உங்க கடையில உள்ளதுதான் சார்.”

“நாளை முதல் வரண்டாம்.”

“சரி சார். பெல் அடிக்கக் கால்மணி இருக்கு, பாடத்த முடிச்சிட்டுப் போறேன்” என்றேன். முடித்துவிட்டுத்தான் போனேன்.

புரொபேஷன் முடியும்வரை பொறுத்திருக்கலாமே என்று இளம் ஆசிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள். பொறுத்திருந்தால் என் வேலை நிலைத்திருக்கும். அதற்குள் செல்லம்மாள் பள்ளியை விட்டுப் போயிருப்பாள்.