மாட்டின் அளவில் ஓர் ஆடு

முதலமடைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. நான் பிறந்தது உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில். படித்ததெல்லாம் மனித இரத்தம். வேலை கிடைத்தது மாடுகளிடம். குழாய் அதே குழாய், இரத்தமும் அதே சிவப்புதானே என்று சேர்ந்த முதல் வாரமே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்த சமயம். மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் ஓர் அக்கா, முன்னங்காலில் முள் ஏறி நொண்டிய வெள்ளாட்டைப் பிடித்து வந்தார். டாக்டர் முள்ளை எடுத்தார். வீக்கம் இருந்ததால் எதற்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டு, ஈன முடியாமல் கிடந்த ஒரு பசுவுக்காகக் கிளம்பிப் போனார்.

மெஷின் தாளைத் தள்ளியது. ஒரு பக்கம் ஆட்டின் எண்கள். எதிர்ப்பக்கம் இருக்க வேண்டிய அளவு. சிவப்பணுவின் பருமனுக்கு நேராகக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. எண்ணோ இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

“என்னுங்க அம்மிணி போட்டிருக்குது?” என்று அக்கா கேட்டார்.

டாக்டர் வந்து சொல்வார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ரத்தம் ரொம்ப மோசமா இருக்குக்கா. அணுவெல்லாம் சுருங்கிக் கெடக்கு. ரொம்ப நாள் சீக்கு மாதிரி தெரியுது.”

“நல்லாத் தின்னுட்டுத்தானுங்க இருந்துது.”

“உள்ள இருக்கது வெளிய தெரியாதுக்கா.”

மறுநாள் காலையில் டாக்டர் அந்தத் தாளின் நகலைப் பார்த்தார். “இது எந்த மாடு?”

“மாடு இல்ல சார். நேத்து வந்த ஆடு.”

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். “ஆட்டோட சிவப்பணு பிறவியிலேயே பொடிசு. நீ மாட்டோட அளவுல வெச்சுப் பாத்திருக்கே. இதுக்கு ரத்தத்துல ஒரு குறையும் இல்லை.”

எங்களிடம் ஆடுகள் அதிகம் வருவதில்லை. மெஷினில் மாட்டுக்கும் நாய்க்கும் மட்டுமே அளவு ஏற்றியிருந்தது. எப்போதாவது வரும் ஆட்டை நான் மாட்டுக் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் தப்பு இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோப்புக்கு ஓடினேன். பட்டியில் நான்கு ஆடுகள் நின்றன. நொண்டி ஆடு இல்லை.

“விடிய வெள்ளெனவே பொள்ளாச்சிச் சந்தைக்குக் கறிக்கு வண்டி ஏத்தி உட்டுட்டனுங்க. சீக்கு ஆட்டை வெச்சிருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்குமில்லீங்களா?”

நான் உண்மையைச் சொன்னேன். அக்கா தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. குடம் காலியான பிறகு, “அது ரெண்டு ரெண்டாக் குட்டி போடற ஆடுங்க” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டர் தன் புத்தகத்திலிருந்து ஆட்டுக்குரிய அளவுகளை எடுத்து மெஷினில் ஏற்ற ஏற்பாடு செய்தார். பிரச்சினை முடிந்தது என்றார். எனக்கு முடியவில்லை. எந்தத் தாளைப் பார்த்தாலும் எதிர்ப்பக்க எண்களிலேயே கண் போய் நின்றது. இது எந்த ஊர் ஆட்டின் அளவு? அது என்ன தின்றது? இந்தக் காய்ந்த மண்ணில் முள்ளைக் கடித்துத் திரியும் ஆட்டுக்கும் அது பொருந்துமா? ஒரே கேள்வியைத் தினமும் கேட்டு டாக்டரைத் துளைத்தேன்.

“அப்ப நம்ம ஊரு ஆட்டுலயே சரிபாரு. நோய் இல்லாத ஆடு இருபது வேணும். ரெண்டுக்கு மேல அளவைத் தாண்டலேன்னா புத்தகத்தையே நம்பலாம்” என்றார் அவர்.

நோய் இல்லாத ஆடு என்று யார் சொல்வது? டாக்டர் ஒவ்வொன்றின் கீழிமையையும் விரித்து, சோகையில் வெளுத்திருக்கிறதா என்று நிறம் பார்த்தார். நான் புழுக்கையைக் கரைத்துப் புழுமுட்டை தேடினேன். நன்றாக இருக்கிறது என்று ஆட்டுக்காரர்கள் சத்தியம் செய்த ஆடுகளில் பல அங்கேயே கழிந்தன. கடைசியில் இருபதுக்கு நான்கு குறைந்தது. அந்த அக்காவிடமே போய் நின்றேன். பட்டியின் படலைத் திறந்துவிட்டு, “புடிச்சுக்கங்க” என்றார்.

பிடிக்கத்தான் முடியவில்லை. தோப்பு முழுக்கத் துரத்தி, மூச்சிரைக்க நின்ற ஆடுகளிடம் இரத்தம் எடுத்துப் போனேன். எண்கள் எல்லாம் தாறுமாறாக ஏறியிருந்தன. ஓட்டமும் பயமுமே இரத்தத்தை மாற்றிவிடும் என்றார் டாக்டர். அந்தக் குழாய்களைக் கழித்துவிட்டு மறுபடி போனேன்.

“தொரத்துனா நமக்கே நெஞ்சு அடிச்சுக்குது, அதுக்கு அடிச்சுக்காதுங்களா? சித்த நேரம் நிக்க உடுங்க” என்று அக்காவே ஒவ்வொன்றாகக் கட்டி, தழை போட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இந்தமுறை ஊசி ஏறியதுகூட ஆடுகளுக்குத் தெரியவில்லை.

இருபதில் பத்தொன்பது ஆடுகள் புத்தக அளவுக்குள் வந்தன. ஒன்று மட்டும் வெளியே: வெள்ளணு கொஞ்சம் கூடுதல். அது அந்த அக்காவின் கறுப்பு ஆடு.

அக்காவை ஆட்டோடு வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. “அப்ப இதையும் ஏத்தி உட்டுறட்டுங்களா?”

“வேண்டாங்கக்கா!” நான் கத்தியே விட்டேன்.

டாக்டர் ஆட்டைத் தலை முதல் வால் வரை தொட்டுப் பார்த்தார். மறுபடி இரத்தம் எடுத்தோம், அதே எண். “இருபது பேரை நிறுத்தினா ஒருத்தர் இப்படித் தள்ளி நிக்கத்தான் செய்வாங்க. நூறு நல்ல ஆட்டுல அஞ்சு வெளிய நிக்கற மாதிரிதான் அந்த அளவையே போட்டிருக்காங்க. தள்ளி நிக்கறதெல்லாம் நோய் இல்லை. கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அக்கா நம்பிப் போய்விட்டார். நான்தான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஸ்கூட்டர் தானாகத் தோப்புப் பக்கம் திரும்பும். வேலிக்கு வெளியே நின்று அந்த ஆடு அசைபோடுகிறதா, வால் ஆட்டுகிறதா என்று பார்ப்பேன். சில வாரம் கழித்து அக்கா என்னைக் கண்டுவிட்டார்.

“உள்ள வாங்க அம்மிணி. அது சினையா இருக்குது, நல்லாத் திங்குது. நீங்கதான் நெம்ப எளைச்சுப் போயிட்டீங்க.”

உள்ளே போனேன். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு ஆட்டின் கீழிமையை ஒருமுறை விரித்துப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை அக்கா அதன் தலையைப் பிடித்துக்கொண்டார்.